எதிரே நின்றவனுக்கும் ஒரு பங்கு

அத்தியாயம் 7

"குணசீலா, பல் விளக்குற பேஸ்ட்டை நீ எப்படி எடுப்பே?" என்று கேட்டார் கோகிலவாணி மேடம்.

ஜவ்வாது மலை ஏற்றத்தில், ஆள் மேல் ஆள் ஏற்றிய ஷேர் ஜீப்பில், மடியில் யாருடையதோ ஒரு கோழியோடு உட்கார்ந்திருக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது?

"அமுக்கித்தான் மேடம். கெஞ்சிக் கேட்டா வராது."

"நடுவுல அமுக்குவியா, அடியில அமுக்குவியா?"

"நடுவுல. வூட்ல தினம் சண்டையே அதுக்குத்தான்."

"அமுக்கினா டியூப் என்ன ஆகும்?"

"நசுங்கும். என்னைப் பாருங்களேன், இந்த ஜீப்புல நான் ஆன மாதிரி."

"அப்போ இது ஏன் நசுங்கலை?"

அவர் நீட்டிய அலுமினிய டியூப்பை வாங்கிப் பார்த்தேன். காலிக் களிம்பு டியூப். மூடி திருகியபடி அப்படியே இருந்தது. வாலைக் கத்தியால் வெட்டி, உள்ளே வழித்து எடுத்திருந்தார்கள். உடம்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கஞ்சன் வாலை வெட்டுவான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவன் அமுக்கி அமுக்கிக் கடைசியில்தான் வெட்டுவான். இதை முழுசாக இருக்கும்போதே வெட்டியிருக்கிறார்கள்.

"யாரோ உள்ள இருக்குறதை எடுத்துட்டு, வேற எதையோ அம்மாவுக்குக் குடுத்துட்டாங்க சார்," என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த நதியா. "அவன் யாருன்னு மட்டும் கண்டுபுடிச்சுக் குடுங்க. மீதிய நான் பாத்துக்குறேன்."

இவள்தான் எங்கள் கட்சிக்காரர். திருப்பத்தூரில் ஒரு துணிக்கடையில் வேலை. அம்மா மங்கம்மாள் நெல்லிவாசல் நாட்டுப் பக்கம் ஒரு மலைக் கிராமத்தில் சாமை விதைத்துக்கொண்டு தனியாக இருக்கிறாள், விதவை. ஊர்ப் பெயரை எழுதக் கூடாது என்பது மேடம் உத்தரவு. அந்த ஊருக்குப் பட்டது போதும் என்கிறார். படித்து முடித்தால் நீங்களும் அதையேதான் சொல்வீர்கள்.

கோகிலவாணி மேடம் பல வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளைம்களைப் பிடித்தவர். வேலையை விட்டுவிட்டு வேலூரில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். நான் கணியம்பாடிக்காரன். அவருக்கு உதவியாளன், டிரைவர், சாப்பாடு வாங்கி வருகிறவன். வாய் மட்டும் இலவசம்.

விஷயம் இதுதான். மலையில் மஞ்சள் காமாலை, மூட்டு வலி, எது வந்தாலும் இரும்பைக் காய்ச்சிச் சூடு போடுகிற பழக்கம் முன்பு இருந்தது. அந்தத் தழும்புகள் கோடையில் சிவந்து, வெடித்து, அரித்துத் தொலைக்கும். அதற்கென்று ஒரு கம்பெனி புதுக் களிம்போடு வந்தது. உடம்பிலேயே ஊறுகிற ஒரு புரதம், வீக்கத்தை அடக்கக்கூடியது. அதைத் தனியாகத் தயாரித்துக் களிம்பில் கலந்திருக்கிறார்களாம். ஊரில் பாதிப் பேருக்கு அசல், மீதிப் பேருக்கு வெறும் களிம்பு. யாருக்கு எது என்று யாருக்கும் சொல்ல மாட்டார்கள். சோதனை என்றால் அப்படித்தானாம்.

இப்போது மங்கம்மாள் கெண்டைக்காலில், பழைய சூட்டுத் தழும்பில், புற்றுநோய். முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்று வேலூரில் சொல்லிவிட்டார்கள். கம்பெனியோ, "அந்தம்மாவுக்கு நாங்கள் கொடுத்தது வெறும் களிம்பு. எங்கள் மருந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை," என்று கையைக் கழுவிவிட்டது. காலை எடுப்பதற்கு மங்கம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. எதனால் வந்தது என்று தெரியாமல் காலைக் கொடுக்க மாட்டேன் என்று குந்திக்கொண்டிருக்கிறாள். நாள் போகப் போக அது மேலே ஏறுகிறது.

"வெண்ணிலா இன்னா சொன்னாங்க மேடம்?" என்று கேட்டேன். வெண்ணிலா என்பவர் எங்கள் மேடத்தின் சிநேகிதி, தோல் டாக்டர். முந்தின நாள் ஒரு மணி நேரம் போனில் பேசியிருந்தார்கள்.

"நாள்பட்ட வீக்கமே புற்றைக் கொண்டுவரும். அதனால வீக்கத்தை அடக்கினா புற்று வராதுன்னு கம்பெனி கணக்கு போட்டிருக்கு. அது பாதி நிஜம்னு சொன்னா."

"மீதி?"

"தழும்புக்குள்ள ஏற்கெனவே கெட்டுப்போன செல் இருந்தா, அதைத் தேடிக் கொல்ல வர்ற உடம்போட காவல் ஆட்களும் அந்த வீக்கத்தோடதான் வருவாங்க. சிவப்பு, அரிப்பு, எரிச்சல் எல்லாம் அவங்க வந்து நிக்கிற சத்தம். புரதம் அவங்களையும் சேர்த்து அடக்கிடுது. மேல தோல் அழகாயிடும். கீழே கெட்டது தன் இஷ்டத்துக்கு வளரும்."

நதியாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "காட்டுப் பன்னி வராம இருக்க நாங்க சாமைக் கொல்லியில தகரம் அடிப்போம் மேடம். சத்தம் தாங்கலன்னு தகரம் அடிக்கிறவனைத் தூங்க வெச்சா?"

"சாமை பன்னிக்கு," என்றேன்.

"ஆனா எங்கம்மாவுக்கு அந்தப் புரதமே குடுக்கலன்றாங்களே!"

"அதுக்குத்தான் போறோம்," என்றார் மேடம். கோழி என் சட்டையில் தன் கருத்தைச் சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டது.

*

கம்பெனியின் மேற்பார்வையாளன் சதீஸ்குமார் ஊரிலேயே ஒரு ஓட்டு வீட்டு அறையை வாடகைக்கு எடுத்திருந்தான். முப்பது வயசிருக்கும். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. வாய் நிறைய மரியாதை.

"வாங்க மேடம், குந்துங்க. இன்னா, நதியா உங்களையும் அலைய வெச்சுட்டாங்களா? மங்கம்மாவை நினைச்சா எனக்கும் வயிறு எரியுது. இன்னா பண்றது? அவங்களுக்குப் போனது வெறும் களிம்பு. அசல் கிடைச்சிருந்தா ஒருவேளை இந்தக் கதி வந்திருக்காது."

"அசல் அவ்வளவு நல்லதா?"

"நதியாவோட பெரியப்பா சின்னதம்பி கையைப் பாருங்க மேடம். பத்து வருச அரிப்பு, பத்தே நாள்ல போச்சு. டாக்டர் வந்து போட்டோ எடுத்துக்கிட்டுப் போனாரு. இது அமிர்தம் மேடம்."

அமிர்தத்தைப் பற்றிப் பேசும்போது அவன் பேனா மூடியால் சட்டைக்கு மேலேயே முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தான். சுகமான சொறி இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொறிகிற சொறி. சட்டை கொஞ்சம் ஏறியபோது பார்த்தேன். தோல் வெள்ளை வெள்ளையாகச் செதில் உரிந்து, சுற்றிலும் சிவந்திருந்தது. கற்பூரம் போட்ட தேங்காய் எண்ணெய் வாசம் வேறு.

"எங்க அத்தை இப்படித்தான் சொறிவாங்க. மாமா பயந்து வூட்டை விட்டே ஓடிட்டாரு," என்றேன்.

மேடம் என்னை முறைத்துவிட்டு அவனிடம் கேட்டார். "ரொம்ப அவஸ்தை போலிருக்கே. உங்ககிட்டயே பெட்டி பெட்டியா மருந்து இருக்கு. தடவிக்கக் கூடாதா?"

"சேச்சே, ரூல்ஸ் இருக்கு மேடம். சோதனையில இல்லாதவங்க தொடக் கூடாது."

பதில் சரிதான். ஆனால் சொல்வதற்கு முன்னால் அவன் சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டில் பொத்தானைப் போட்டான். மேடம் அதைப் பார்த்துக்கொண்டே ஒரு வேர்க்கடலையை உரித்து வாயில் போட்டார். அவர் கடலை உரித்தால் எங்கேயோ ஏதோ மாட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

*

ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டுத்தான்.

"டியூப்பை யாருங்க வெட்டுனது?"

"தெர்லீங்க."

"உங்க டியூப்பையும் வெட்டினீங்களா?"

"தெர்லீங்க."

"உங்க பேராவது தெரியுமா?" என்று நான் ஒருவரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னாத்துக்குங்க?" என்றார். இன்ஷூரன்ஸ்காரர்களே கண்ணீர் விட்டு அழுகிற இடம் இது.

மத்தியானம் பசங்கள் நாலைந்து பேர் காட்டிலிருந்து மலைத்தேன் கொண்டுவந்தார்கள். ஊரே நடுவிலிருக்கும் மந்தைத் திடலுக்கு வந்துவிட்டது. நதியாவின் பெரியப்பா சின்னதம்பிதான் பங்கு போட்டார். மந்தாரை இலைகளைத் தொன்னையாக மடித்து வரிசையாக வைத்து, கொட்டாங்குச்சி அகப்பையால் ஊற்றினார். பெரிய வீடு, சின்ன வீடு, தேன் எடுக்கப் போனவன், போகாதவன், எல்லாருக்கும் ஒரே அளவு. ஒரு இலையில் ஒரு சொட்டு கூடினாலும் திரும்ப எடுத்தார். தங்கம் நிறுக்கிறவன்கூட இத்தனை கவனமாக இருக்க மாட்டான்.

திடீரென்று என் கையில் ஒரு தொன்னையைத் திணித்தார்.

"எனக்கா? நான் வெளியூருங்க."

"பங்கு போடக்கொள்ள எதிர்ல நிக்கிறவனுக்கும் ஒரு பங்குங்க. சொம்மா நின்னாலும் குடுத்துடணும். எங்க வழக்கம்."

இந்த ஊருக்கே மாறி வந்துவிடலாமா என்று யோசித்தேன். என் தொழிலே எதிரில் சும்மா நிற்பதுதான்.

கடைசியாக ஒரு தொன்னையைச் சின்னதம்பி தனியாக எடுத்து வைத்தார். சாமி பங்கு. ஒருவர் அதை எடுத்துக்கொண்டு அம்மன் கோயில் பக்கம் போனார்.

"சாமி பங்கை அப்புறம் யார் சாப்பிடுவாங்க?" என்று மேடம் கேட்டார்.

"எங்க வூட்டுக்குத்தான் வரும் மேடம்," என்றாள் நதியா. "ஆம்பள இல்லாத வூட்டுக்குத்தான் சாமி பங்கு. அப்பா போனதுலேர்ந்து அம்மாவுக்குத்தான் வருது."

மேடம் திரும்பி மந்தையைப் பார்த்தார். ஒருத்தரும் அவரைப் பார்க்கவில்லை. தேனை நக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் வாய் தவறி, "அதெல்லாம் முன்னாடிம்மா," என்றுவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் அவள் இடுப்பில் இடித்தாள்.

"முன்னாடின்னா? இப்போ ஏன் இல்லை?"

"தெர்லீங்க," என்றது மந்தை.

நதியாவின் முகம் கறுத்துவிட்டது. "கால் போவப்போற பொம்பளைக்குக் குடுக்குற தேன்லயும் கை வெச்சுட்டீங்களா? நல்லா இருப்பீங்க!"

எல்லாரும் கையில் இருந்த தொன்னையைப் பார்த்தார்கள். கோபப்படுகிற முகங்கள் இல்லை அவை, குற்றம் செய்துவிட்ட முகங்கள். மேடம் என் தோளைத் தட்டினார். "வாய்யா, சாமி கும்பிடலாம்."

"நீங்க நாத்திகமாச்சே மேடம்?"

"இன்னைக்கு ஒரு நாள்."

கோயில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு புளியமரம், ஒரு சூலம், மஞ்சள் பூசிய கல். கல்லுக்கு முன்னால் தொன்னைகள் இருந்தன. இன்றைய தேன், முன்பு வைத்துக் காய்ந்துபோன எதெதுவோ. எல்லாவற்றிலும் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

"குணசீலா, இதுல எந்தப் பங்கு எறும்புக்குப் பிடிக்கலை?"

குனிந்து பார்த்தேன். ஓரத்தில் சில கொட்டாங்குச்சிகள். எறும்பு அவற்றைச் சுற்றிக்கொண்டு போனது. உள்ளே வெள்ளையாக, கெட்டியாக, மேலே தூசி படிந்து ஏதோ இருந்தது. முகர்ந்தேன். ஆஸ்பத்திரி வாசம்.

"களிம்பு!"

"சாமிக்கும் ஒரு பங்கு," என்றார் மேடம். கைக்குட்டையால் ஒரு கொட்டாங்குச்சியை எடுத்தார். அவர் குரலில் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் கொஞ்சமும் இல்லை. "யாரும் எதையும் மாத்தலைப்பா. பங்கு போட்டிருக்காங்க."

*

சின்னதம்பி எங்களுக்குப் பின்னாலேயே வந்து மரத்தடியில் நின்றிருந்தார். கொட்டாங்குச்சியைப் பார்த்ததும் அப்படியே குந்திவிட்டார்.

"போன வருசம் மாசி மாசங்க," என்றார். "எனக்குக் கையில அரிப்பு நின்னுபோச்சி. இன்னும் கொஞ்சம் பேருக்கும் நின்னுச்சி. மங்கம்மாவுக்கு நிக்கல. ராவெல்லாம் சொறிஞ்சிக்கினு அழும். அதுக்குக் குடுத்தது மட்டம், எங்களுக்குக் குடுத்தது உசத்தின்னு ஊருக்கே தெரிஞ்சிபோச்சி. ஒரே ஊர்ல ஒருத்தன் உசத்திய வெச்சிக்கினு, ஒருத்தி மட்டத்தை வெச்சிக்கினு இருக்குறது எங்ககிட்ட கெடையாதுங்க. அடுத்த தபா பெட்டி வந்த அன்னிக்கே எல்லா டியூப்பையும் வெட்டி ஒரே சட்டியில போட்டுக் கலக்கி, பங்கு போட்டுட்டோம். அதுலேர்ந்து வர்றதையெல்லாம் அப்டித்தான்."

"சாமி பங்கு?"

"மங்கம்மாவுக்கு. கலந்ததை அதுகிட்ட சொல்லல, கம்பெனி மருந்துன்னே குடுத்தோம்."

"எதிர்ல நின்னவன் பங்கு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். மேடம் அதைக் கேட்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

"சதீசு சார் நின்னாருங்க. ஒவ்வொரு தபாவும் நிப்பாரு. அவருக்கும் இலையில வெச்சிக் குடுத்தோம். கையால தொடல. 'எனக்கு வேணாம், அந்தம்மாவுக்கே குடுங்க, பாவம்'னாரு. தங்கமான மனுசன்னு நெனச்சோம்."

ஆக, வெறும் களிம்பு மட்டுமே போக வேண்டிய மங்கம்மாளுக்குத் தன் பங்கு ஒன்று, சாமி பங்கு ஒன்று, சதீஸ்குமார் பங்கு ஒன்று. ஊரிலேயே அதிகமாக அந்தப் புரதத்தைத் தடவியவள் அவள்தான். கம்பெனியோ அவளுக்கு மருந்தே போகவில்லை என்கிறது.

"கால்ல கட்டி வந்தப்புறம் ஏன் சொல்லலை?" என்றார் மேடம்.

"சாமி பங்கை மனுசிக்குத் தடவுனதால வந்த குத்தம்னு நெனச்சோங்க. தேன்னா துன்னுட்டா போச்சி. மருந்தாச்சே, தெனத்துக்கும் தடவுனோம், சாமிக்குக் கோவம் வந்துடுச்சின்னு. அதான் அதுக்கப்புறம் சாமி பங்கை சாமிகிட்டயே வெச்சிடுறோம். மங்கம்மாகிட்ட இன்னான்னு சொல்றது? நாங்கதான் உனக்கு சாமிகுத்தத்தைத் தேடிக் குடுத்தோம்னா?"

எனக்கு ஒரு பகடியும் வரவில்லை. திருடனைப் பிடித்திருக்கிறேன், கொலைகாரனைப் பிடித்திருக்கிறேன். நல்லது செய்தவனைப் பிடித்து நிறுத்தியது இதுதான் முதல் தடவை. கர்மம் பிடித்த வேலை.

*

சதீஸ்குமார் பைக்கில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தான். அடுத்த ஊருக்குப் போகிற சரக்கு. நான் முதல் காரியமாகச் சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

"இன்னா சார் இது ரௌடித்தனம்?"

"எதிர்ல சும்மா நின்னேன். எனக்கு ஒரு பங்கு," என்றேன்.

மேடம் கொட்டாங்குச்சியைக் காட்டினார். அவன் அதைப் பார்த்தான், கோயில் பக்கம் பார்த்தான், பிறகு சாதாரணமாகச் சிரித்தான்.

"அவங்களா கலந்தாங்க மேடம். நான் கலக்கச் சொல்லலை."

"கலந்ததைப் பார்த்தீங்க. கம்பெனிக்குச் சொல்லலை."

"சொன்னா இந்த ஊர் கணக்கே செல்லாது. ஒரு வருச உழைப்பு மேடம்."

"அது மட்டுமா? எல்லாரும் எல்லாத்தையும் தடவினா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நோய் வரும். மருந்துல வந்ததா, வெறும் களிம்புல வந்ததான்னு எவனாலயும் சொல்ல முடியாது. மருந்து தப்பிச்சுடும். இதைவிட வசதி உங்களுக்கு வேற என்ன?"

"கற்பனை."

"சரி, கற்பனை. உங்க முழங்கை நிஜம். ராத்திரி தூங்க விடாத அரிப்பு. அமிர்தத்தை இலையில வெச்சு நீட்டுறாங்க. ரூல்ஸ் மேல அவ்வளவு பயம் இருக்கிற ஆள், மூணு பங்கு ஒருத்திக்கே போறதைத் தடுத்திருக்கணுமே? தடுக்கலை. தனக்கு மட்டும் வேண்டாம்னீங்க. ஏன்?"

அவன் கை தானாக முழங்கைக்குப் போனது. பாதியிலேயே நிறுத்திக்கொண்டான். 

"எலிக்குத்தான் வந்துச்சு மேடம். ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. தோல்ல ஏற்கெனவே கெட்டுப்போயிருந்த எலிங்களுக்கு. மனுஷனுக்கு வரும்னு யார் கண்டா?"

"நீங்க கண்டீங்க. அதான் தொடலை."

"நிரூபிங்க!" குரல் உயர்ந்தது. மரியாதை எல்லாம் எங்கேயோ போய்விட்டது. "அந்தக் கொட்டாங்குச்சியை மட்டும் வெச்சு ஒண்ணும் ஆகாது. இந்த ஊர் வாயைத் திறக்கணும். சின்னதம்பி வந்து சொல்வானா? மங்கம்மா எதிர்ல நின்னு, நாங்க குடுத்த பங்குதான் உன் காலைத் தின்னுதுன்னு சொல்வானா? போய்க் கேட்டுப் பாருங்க. செத்தாலும் சொல்ல மாட்டான்."

ஓங்கி ஒன்று விட்டிருப்பேன். மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதைவிட எரிச்சல் என்னவென்றால் அவன் சொன்னது சரி. இந்த ஊரை அவன் நன்றாகத்தான் படித்து வைத்திருந்தான்.

*

நாங்கள் மங்கம்மாள் வீட்டுக்குப் போவதற்குள் நதியா அங்கே போய்விட்டாள். கோயிலில் சின்னதம்பி சொன்னதையெல்லாம் மரத்துக்கு அந்தாண்ட நின்று கேட்டிருக்கிறாள். நாங்கள் போகும்போது மங்கம்மாள் வாசலில், கூடியிருந்த ஊர் முன்னால், அவள் பெரியப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள்.

"நீதானா? மாத்துனவன் எவன் எவன்னு ஊர் ஊரா அலைஞ்சேனே, நீதானா பெரியப்பா? எங்கம்மாவுக்கு நல்லது செய்றேன்னு யார்யா உன்னைக் கேட்டா?"

சின்னதம்பி அடி வாங்க வந்தவர் போல நின்றார். மங்கம்மாள் கட்டிலில், துணி சுற்றிய காலை நீட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். ஒல்லியான, எலும்பும் தோலுமான பொம்பளை. ஈ ஓட்டிக்கொண்டே எல்லாரையும் பார்த்தாள்.

"சட்டைய வுடுடி," என்றாள். "மாமா, நீ சொல்லு. இன்னா செஞ்சீங்க?"

சொன்னார். டியூப்பை வெட்டியது, கலக்கியது, சாமி பங்கு, சதீஸ்குமார் தொடாமல் தள்ளிய பங்கு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். மேடத்தின் போன் பதிவு செய்துகொண்டிருந்தது. சின்னதம்பிக்கு அது தெரியும். தெரிந்தும் நிறுத்தவில்லை. கடைசியில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு, "உன் காலை நாங்கதான் துன்னுட்டோம்மா," என்று அழுதார்.

மேடம் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சாமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அந்தக் களிம்பில் இருந்ததுதான் செய்தது என்று விளக்கினார். அரிப்பை அடக்கியது எதுவோ அதுவே புற்றைக் காவல் இல்லாமல் வளரவிட்டது என்று பொறுமையாகச் சொன்னார். மங்கம்மாள் ஈ ஓட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்போ சாமிகுத்தம் இல்ல?"

"இல்லைம்மா."

"மருந்துதான்?"

"மருந்துதான். அது தெரிஞ்சே ஒருத்தன் வாயை மூடிக்கிட்டு இருந்தான்."

அழுவாள் என்று நினைத்தேன். ஊரைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் ஊருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சின்னதம்பியைப் பார்த்து, "இங்க வா. கைய நீட்டு," என்றாள்.

"எனக்கு இன்னா, நல்லாயிடுச்சி," என்று அவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி சட்டைக் கையை ஏற்றினார்.

நல்லாத்தான் ஆகியிருந்தது. அந்த வயசுக் கையில் அந்த இடம் மட்டும் வழவழவென்று, சிவப்பில்லாமல், அழகாக இருந்தது. மங்கம்மாள் கட்டை விரலால் அதை மெல்ல அழுத்தினாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. அவர் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தாள்.

"இது இன்னா?"

"இன்னாவோ... கடலை மாதிரி கீது. வலிக்கல."

"எனக்கும் வலிக்கல மாமா. மொத மொதல்ல இப்டித்தான் இருந்துச்சி. இன்னமும் தடவறீங்களா?"

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். வாசலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சட்டையை ஏற்ற ஆரம்பித்தார்கள். பெண்கள் புடவையை விலக்கித் தோளைத் தொட்டுப் பார்த்தார்கள். மந்தையில் வாய் தவறிப் பேசிய அந்தப் பெண் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள். திடீரென்று விரல் நின்றது. பக்கத்தில் இருந்தவளின் கையை இழுத்து அங்கே வைத்தாள். நதியா பெரியப்பாவின் சட்டையை எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது அவர் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நதியா, நான் ஆசுபத்திரிக்கு வர்றேன்," என்றாள் மங்கம்மாள். "காலை எடுக்கட்டும். ஆனா நான் மட்டும் தனியா வரமாட்டேன். இவங்களையெல்லாம் ஏத்து."

வண்டி ஏற்பாடு செய்யச் சொல்லி மேடம் எனக்கு ஜாடை காட்டினார். எங்களை ஏற்றி வந்த ஜீப்காரர் வேலி ஓரமாக நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"வேலூர் போவணும். இப்பவே," என்றேன்.

"போலாம் சார். எத்தினி பேரு?"

நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். எண்ணப் பார்த்தேன், முடியவில்லை.

"ஊரு மொத்தமும்," என்றேன்.